தப்பாகக் கேட்ட கொலை

“ஐயோ... அப்பா...!”

ஐஸ்க்ரீம் ஃபேக்டரியின் குளிர் அறையிலிருந்து கிளம்பிய அலறலில், வாசலில் நின்ற வேன் டிரைவர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

க்ரீம் கேன்களுக்கு நடுவே முதலாளி மல்லாந்து கிடந்தார். உதடு நீலம். உடம்பு ஜில். அலறியது அவருடைய ஒரே மகள்.

டாக்டர் ஓடி வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார்.

“போயாச்சு!”

ஆம்புலன்ஸ் முதலாளியை மார்ச்சுவரிக்கு அள்ளிப் போனது. போலீஸ் ஜீப் அவருடைய மருமகனை ஸ்டேஷனுக்கு அள்ளிப் போனது.

மருமகன் எதற்கு என்கிறீர்களா?

இன்ஸ்பெக்டர் அப்படித்தான்! டிபார்ட்மெண்டில் அவருக்குக் ‘கட்டளை’ என்று பேர். பெண்டாட்டியிடம்கூட, “தண்ணி. கொண்டா!” என்றுதான் பேசுவார். அந்த அம்மாளும், “குழாய். அங்கே!” என்று பதில் சொல்லப் பழகிவிட்டாள்.

ஸ்டேஷனுக்குப் புதிதாக ஒரு ஏ.ஐ. ஆராய்ச்சிக் கருவி வந்திருந்தது. என்ன கேட்டாலும் உலகத்தையே துழாவிப் பதில் சொல்லுமாம். கட்டளை கீபோர்டை இழுத்தார். ஒற்றை விரலால் தட்டினார்.

‘கொலை. யார்?’

கருவி யோசித்தது. அப்புறம் கொட்டியது பாருங்கள்... ஆதி மனிதன் கல்லைத் தூக்கிய நாளில் ஆரம்பித்து, ராஜாக்கள் வழியாக, பக்கம் பக்கமாக!

“சனியனே! இந்தக் கொலையைக் கேட்டா எல்லாக் கொலையையும் சொல்றியா?”

மறுபடி தட்டினார்.

‘மாமனார் செத்துட்டார். மருமகன் செய்த பூண்டு ஐஸ்க்ரீமை மாமனார் எல்லார் முன்னாலயும் துப்பினார். மருமகன்தான் கொன்றான். நிரூபி!’

நிரூபித்தது!

‘ருசி அவமானத்தால் மருமகன்கள் செய்யும் கொலைகள்’ என்று ஓர் ஆராய்ச்சி. கீழே மூன்று பேராசிரியர்கள்!

கட்டளைக்குப் புல்லரித்தது. உடனே அக்காவுக்கு போன் போட்டார். அக்கா எதிர்த் தெரு ஆராய்ச்சி நூலகத்தின் தலைவி. இந்த மாதிரிக் கருவிகளிடம் எப்படிக் கேட்பது என்று ஆராய்ச்சிக்காரர்களுக்கே வகுப்பு எடுப்பவள்.

“அக்கா! கேஸ் முடிஞ்சுது! வந்து பாரு!”

வந்தாள். பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“டேய்... இந்தப் பேராசிரியர்களைத் தேடிப் பார்த்தியா?”

“எதுக்கு? அதுதான் பேர் போட்டிருக்கே!”

அக்கா தேடினாள். அப்படி ஓர் ஆராய்ச்சியே இல்லை. அந்த மூன்று பேரும் எங்கேயும் பிறக்கவே இல்லை!

“பொய் சொல்லுதா? லாக்கப்ல போடவா?”

“நீதான்டா சொல்ல வச்சே! ‘மருமகன்தான் கொன்றான்’னு பதிலைக் கேள்விக்குள்ளயே திணிச்சுட்டே. நிரூபின்னு அதட்டுனா, ஆதாரம் கிடைக்கலைன்னா அதுவே ஒண்ணு தைச்சுக் குடுக்கும். தள்ளு!”

அக்கா உட்கார்ந்தாள். அப்போதுதான் போன் அலறியது.

டாக்டர்!

“இன்ஸ்பெக்டர், கத்தியெல்லாம் ரெடி. இப்பவே போஸ்ட்மார்ட்டம் ஆரம்பிக்கறேன்.”

“ஆரம்பிங்க!”

போனை வைத்தவரிடம் அக்கா கேட்டாள்.

“நீ கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லு. யாரோ சொன்னது வேண்டாம். நீ நினைச்சது வேண்டவே வேண்டாம்.”

“குளிர் அறை. உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு. காயம் இல்ல. ஸ்ட்ரெச்சர்ல ஏத்தறப்ப கை தொங்குச்சு.”

“விறைச்சுப் போகலையா?”

“இல்லக்கா. துணி மாதிரி ஆடிச்சு.”

“டாக்டர் நாடி பார்த்தாரா?”

“பார்த்தாரே! குளிருதுன்னு கம்பளிக் கையுறை போட்டுக்கிட்டு...”

“கழட்டிட்டுப் பார்த்தாரா?”

“கழட்டவே இல்லக்கா!”

அக்காவின் விரல்கள் பறந்தன.

‘நான் ஒரு மரணத்தை விசாரிக்கிறேன். நேரில் பார்த்தது இவ்வளவுதான்...’ என்று ஆரம்பித்து, அத்தனையையும் எழுதினாள். கடைசியில், ‘இதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம்? ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பது? நிஜமான மருத்துவ ஆதாரம் காட்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல். நான் எதையாவது தப்பாக நம்பிக்கொண்டிருந்தால் அதை முதலில் சொல்!’

பதில் வந்தது.

முதல் வரியைப் படித்ததும் கட்டளையின் தொப்பி நழுவியது.

‘இறந்துவிட்டார் என்பதே உறுதியாகவில்லை! கடும் குளிரில் மயங்கியவரின் நாடி கைக்குத் தட்டுப்படாத அளவு மெதுவாகத் துடிக்கலாம். உடனே மறுபடி சோதிக்கவும். மயங்கியது எப்படி என்பது இந்த விவரத்தில் தெரியாது.’

“அக்கா... கத்தி...!”

டாக்டருக்கு போன் போட்டார். எடுக்கவில்லை.

மறுபடி. எடுக்கவில்லை!

அக்காவின் முகம் வெளுத்தது. கட்டளை மூன்றாவது தடவை போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து கட்டளை அல்லாத ஒரு வார்த்தை வந்தது.

“தயவுசெஞ்சு... எடுங்க டாக்டர்...”

எடுத்தது டாக்டர் அல்ல. மார்ச்சுவரி ஊழியர்!

“சார்! டாக்டர் மயங்கி விழுந்துட்டார் சார்!”

“ஏன்?”

“கத்தியை வச்சாரு... பொணம் போர்வை கேட்டுச்சு!”

கட்டளை குதித்தார். அக்காவை அப்படியே தூக்கிச் சுற்றினார். கீழே இறக்கியவர் நேராக லாக்கப்புக்கு ஓடினார்.

“மாப்ள! மன்னிச்சுக்கோங்க! கொலையே இல்ல! உங்க மாமனார் உயிரோட இருக்கார்!”

மருமகன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

“பரவாயில்ல சார். எனக்கு ஃப்ளைட் இருக்கு. வெளிநாட்டு ஐஸ்க்ரீம் கண்காட்சி. லேட்டாயிடுச்சு...”

“டிரைவர்! இவரை ஏர்போர்ட்ல இறக்கி விடு!”

“டேய், பொறுடா!” என்றாள் அக்கா. “அவர் எப்படி மயங்கினாருன்னு நமக்கு இன்னும் தெரியாது!”

“பொணமே இல்ல. அப்புறம் குத்தவாளி எதுக்கு?”

ஜீப் பறந்தது.

தம்பியும் அக்காவும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

முதலாளி அடுக்கடுக்கான போர்வைகளுக்குள் கிடந்தார். மகள் அவர் கையைத் தேய்த்துத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு கன்னத்தில் சிரிப்பு, இன்னொன்றில் கண்ணீர். பக்கத்துக் கட்டிலில் டாக்டருக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

“மருமகன்... எங்கே?” முதலாளிக்குப் பல் தந்தியடித்தது.

“கவலையே படாதீங்க. விடுதலை பண்ணிட்டேன்!”

முதலாளி போர்வைகளை உதறிக்கொண்டு எழுந்தார்.

“அடப்பாவி மனுஷா! காபில மயக்க மருந்தைக் கலந்து, என்னைக் குளிர் அறைக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தினதே அவன்தான்யா!”

மகளின் கை அப்படியே நின்றது.

கட்டளையின் முகம் மட்டும் மெல்ல மலர்ந்தது.

“பார்த்தியாக்கா? நான் அப்பவே சொன்னேன்!”

“ஆமாண்டா! ஆதாரமே இல்லாம சரியான ஆளைப் பிடிச்சே. ஆதாரம் கிடைக்கறப்ப ஆளை விட்டுட்டே!”

மலர்ந்த முகம் சுருங்கியது. போனைப் பிடுங்கி எடுத்தார்.

“டிரைவர்! அந்த ஆள் எங்கே?”

“உள்ள போயிட்டாரு சார். ஒரு சல்யூட்டும் அடிச்சேன்!”

“ஐயோ! எந்த ஃப்ளைட்? எந்த நாடு?”

டிரைவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

“ஏர்போர்ட்ல இறக்கி விடச் சொன்னீங்க. இறக்கி விட்டேன். வேற எதுவும் கேக்கச் சொல்லலையே சார்!”