ஏலத்தில் எடுத்த தேன்பெட்டி

காலிப் பெட்டி என்று ஏலக்காரர் தட்டிக் காட்டிய தேன்பெட்டிக்குள் ஒரு எலி ஓடிக்கொண்டிருந்தது. ஏலம் எடுக்க வந்திருந்த அவருக்கு முதலில் அப்படித்தான் தோன்றியது. குனிந்து பார்த்தால் அசைவே இல்லை. முன்கால்களைப் பரப்பி, வாலைத் தூக்கி, பாய்ந்த வாக்கிலேயே பழுப்புப் பிசினுக்குள் இறுகிக் கிடந்தது. மீசை மயிர்கூட ஒடியவில்லை.

"எல்லாம் தேனீ செஞ்ச வேலை சார்," என்றார் ஏலக்காரர். "உள்ள பூந்ததக் கொட்டிச் சாய்ச்சிடும். தூக்கி வெளிய போட பலமில்லேன்னா, நாறாம இருக்க மரப்பிசினக் கொண்டாந்து பூசிடும். எங்க வீட்டம்மாவ விடச் சுத்தம்."

"செத்தப்புறம்தானே பூசும்?"

"அத எலிகிட்டதான் கேக்கணும்!"

கூட்டம் சிரித்தது. இறந்துபோன அப்பாவின் பெட்டிகளை விற்க வந்திருந்த மகன் மட்டும் சிரிக்கவில்லை. வேனை விட்டுக் கீழே இறங்கவும் இல்லை.

அடிமாட்டு விலை. தேனீக்களோடு ஒரு பெட்டி, காலிப் பெட்டிகள், புகை போடும் டப்பா, பிசின் சுரண்டும் கத்தி, முகவலை எல்லாம் அவருக்கே விழுந்தன. பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவிக்காக பஸ் ஓட்டும் வேலையை விட்டவர் அவர். அவள் பக்கத்திலேயே இருந்து செய்ய ஒரு தொழில் வேண்டியிருந்தது. அவளுக்கு இடது பக்கம் விளங்கவில்லை, பேச்சும் குழறும். வலது கையில் ஒரு சின்ன மணியைக் கொடுத்திருந்தார்.

"நீ அடிச்சாப் போதும்மா. எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவேன்."

டாக்டர் கையை விரித்துவிட்டார். இவருக்குக் கைவிட மனம் வரவில்லை.

சத்தம் துணையாக இருக்கட்டும் என்று தேனீப் பெட்டியை அவள் ஜன்னலுக்கு வெளியே வைத்தார். சீக்கிரமே ஜன்னல் இடுக்கெல்லாம் அதே பழுப்புப் பிசின். மேல்மூலையில் ஒரு ஓட்டையை மட்டும், பெட்டியின் வாசல் அளவுக்கு, தேனீக்கள் அடைக்காமல் விட்டிருந்தன. தொழில் தெரிந்தவன் அன்றைக்கே எல்லாவற்றையும் சுரண்டிப் போட்டிருப்பான். இவரோ, குளிர்காற்று நின்றதே என்று சந்தோஷப்பட்டார். பாலோடு போனபோது அவள் ஜன்னலையே பார்த்து, "வே...ணாம்" என்றாள். பால்தான் வேண்டாமாக்கும் என்று டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையிலிருந்து கொல்லையில் உட்கார்ந்து கிருமி சாக, காலிப் பெட்டிகளின் உட்புறத்தை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். பழைய மெழுகு உருகும் வாசனை, கருகும் மரத்தின் வாசனை, அவற்றுக்கு அடியில் விடாமல் ஒரு ரீங்காரம். காதை வீட்டுப் பக்கம் தீட்டியே வைத்திருந்தார். மணி அடிக்கவில்லை. அவள் இப்படித் தூங்கி எவ்வளவு காலமாயிற்று என்று மனசு இளகி, மதியக் கஞ்சிக்குக்கூட எழுப்பாமல் விட்டார். வெயில் சாய்ந்த பிறகுதான் கவனித்தார். ஜன்னலோரப் பெட்டியின் வாசலில் ஒரு தேனீகூட இல்லை. ரீங்காரம் மட்டும் இருந்தது. அது வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

பிசின் சுரண்டும் கத்தியோடு உள்ளே ஓடினார்.

அறைக்கதவு திறக்கவில்லை. நிலையைச் சுற்றிப் பிசின். சாவித் துளையில் பிசின். கத்தியை விட்டு நெம்பினார். தோளால் இடித்தார். மறுபடி இடித்தார். கதவு விட்டுக்கொடுத்தது.

இருட்டு. சூடு. தித்திப்பு வாசனை.

கட்டிலில் பழுப்பாக ஏதோ பளபளத்தது. கால், வயிறு, கழுத்து. இழை இழையாகத் தலைமுடி. காது அடைந்திருந்தது. உதடு ஒட்டியிருந்தது. இமையும்.

கன்னத்தில் கத்தியை வைத்து மெல்லச் சுரண்டினார். அடியில் தோல் வெதுவெதுப்பாக இருந்தது.

மூக்கை மட்டும் தேனீக்கள் அடைக்கவில்லை. அதைச் சுற்றி, கால்களில் பிசினோடு, வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவசரமில்லை. காத்திருந்தன.

அவளுடைய வலது கை அசைந்தது. மணியை ஆட்டினாள். நிறுத்தினாள். மறுபடி ஆட்டினாள். மணியின் நாக்கைப் பிசின் கவ்வியிருந்தது. காலையிலிருந்தே கவ்வியிருக்க வேண்டும்.

அவர் பக்கத்திலேயே நிற்பது தெரியாமல், அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.