இடது சீட்டின் பெல்ட்

ஆகாயத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் அல்போன்சின் காரில் வைப்பர் தானாக ஓட ஆரம்பித்தது. காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கிறீச் கிறீச்சென்று இழுபட, ஏசிக் காற்றோடு ஏரிச் சேற்றின் வாடையும் கலந்து வந்து மூக்கில் அப்பியது. சுவிட்சை அணைக்கப் போனான். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

முத்தியால்பேட்டையில் கார் வயரிங் பட்டறை வைத்திருப்பவன் அவன். வைப்பர், விளக்கு, ஜன்னல், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற மாட்யூல் பெட்டியைப் பற்றி அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தன் காரின் பெட்டி கெட்டுப்போனதால், பழைய ஸ்பேர் கடை கலியமூர்த்தியிடம் வாங்கிக் காலையில்தான் வேறு மாட்டியிருந்தான். பெட்டிக்குள் தங்கியிருக்கும் பழைய வண்டியின் பதிவை அழித்துவிட்டு ஓட்டுவதுதான் முறை. அதற்குள் மனைவி பெர்னதெத் போன் செய்துவிட்டாள். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதாம். வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வேண்டிப் பெற்ற பிள்ளை முதல்முறையாக வீட்டுக்கு வருகிறது. பதிவாவது, ஒன்றாவது? அப்படியே கிளம்பிவிட்டான்.

கலியமூர்த்தி சொன்னது இப்போது ஞாபகம் வந்தது.

"ஏரில வுழுந்த வண்டிப்பா இது. முன் சீட்டுல இருந்த அம்மாவுக்கு பெல்ட்ட கழட்ட முடியல, உள்ளயே செத்துட்டாங்க. மடில இருந்த கைப்புள்ள தண்ணியோட போயிடுச்சி. கெடைக்கவே இல்ல."

டிங். டிங். டிங்.

சீட்டில் ஆள் இருந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. இடது சீட்டில் யாரும் இல்லை. சென்சார் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஊரே செய்கிற வேலையை அவனும் செய்தான். வெறும் சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். மணி நின்றது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? பெல்ட் சீட்டில் படியவில்லை. ஓர் ஆளின் பருமனுக்கு முன்னால் தள்ளி நின்றது. அல்போன்ஸ் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தபோது பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடந்தது. அப்பாடா என்றிருந்தது.

"ஏங்க, பெல்ட்டு ஏன் மாட்டி வெச்சிருக்கீங்க?" என்றாள் பெர்னதெத், பிள்ளையை அணைத்தபடி.

"கழட்டுனா கத்திக்கினே இருக்குது. அது மேலயே குந்து."

"அதுவும் நல்லதுதான். தையல் மேல பட்டா உயிர் போவுது."

பெல்ட்டின் மேல் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. கடக். நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன. வைப்பர் மறுபடி ஓடியது.

"சீட்டு ஏங்க ஈரமா இருக்குது?"

அவன் வைப்பர் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க..." என்றாள் அவள். "எனக்கு அடில யாரோ குந்தியிருக்காங்க."

பிரேக் போட்டான். கைப்பிடியை இழுத்தான். வந்தது. கதவு வரவில்லை. தோளால் முட்டினான். வெளியே தண்ணீர் நின்று அழுத்துவதுபோல அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நல்ல வெயில். ஒரு பூக்காரி கூடையோடு நடந்து போனாள். கத்தினான். அவள் திரும்பவில்லை.

பிள்ளை வீறிட்டது. பிறகு நிறுத்திவிட்டது.

கிளிக்.

பெல்ட் தானாகக் கழன்றது.

பெர்னதெத்தின் இரண்டு கைகளும் அவன் சட்டையைப் பிடித்திருந்தன. இரண்டும். பிள்ளை கீழே விழவில்லை. அவள் இடுப்பின் இரு பக்கமும் நீண்டிருந்த, ஊறி வெளுத்த வேறு இரண்டு கைகள் அதை ஏந்தி, மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன. பிள்ளையின் கடைவாயில் ஏரித் தண்ணீர் வழிந்தது.