எட்டாம் நாள் உள்ளே இருந்தவள்

மூக்குக் குழாயின் முனையில் சிரிஞ்சைப் பொருத்தி உதயரூபன் மெல்ல இழுத்தபோது, வெள்ளையாக வர வேண்டியது மஞ்சளாக வந்தது.

அவன் கையை நிறுத்தினான். காலையிலும் மதியத்திலும் மனைவி அன்னப்பூரணிக்கு அவன் கொடுத்தது வடிகட்டிய சத்துப்பால் மட்டுமே. ஊட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இரைப்பையில் மிஞ்சியதைச் சற்றே இழுத்துப் பார்க்க வேண்டும் என்று தாதி ஸாதியா கற்பித்திருந்தார். இப்போது சிரிஞ்சுக்குள் எண்ணெய் மிதக்கும் மஞ்சள் நீர் நின்றது. அதில் கரும்பச்சைத் துணுக்கொன்று சுழன்றது. முகர்ந்து பார்த்தான். இறாலும் முருங்கையிலையும் சேர்ந்து கொதித்த மணம்.

வெளியே சித்தாண்டி வயல் வட்டைகளின் மேல் மாரி மழை இடைவிடாது இறங்கிக்கொண்டிருந்தது. பின்னேரந்தான், ஆயினும் மின்சாரம் நின்றுபோயிருந்ததால், ஓட்டின் மேல் விழும் நீரின் இரைச்சலையும் நனைந்த சுவரின் புழுங்கல் வாடையையும் தவிர நடுக்கூடத்தில் எதுவும் தெளிவாக இல்லை. வீட்டில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தனர்.

சென்ற சிறுபோக அறுவடையின்போது அன்னப்பூரணி பாரிசவாதத்தில் விழுந்தாள். அன்றோடு பேச்சும் விழுங்கும் திறனும் போயின. வெறும் கஞ்சித் தண்ணீரைக் குழாயில் ஊற்றி ஊற்றி எலும்பாகிப்போயிருந்தவளை மீட்டவர் ஸாதியாதான். முட்டையும் பருப்பும் எவ்வளவு சேர வேண்டும், தலைமாடு எவ்வளவு உயர வேண்டும், ஊட்டிய பின் எவ்வளவு நேரம் சாய்த்து வைக்க வேண்டும் என்று அனைத்தையும் அவர் ஒழுங்குபடுத்தினார். கன்னத்தில் சதை திரும்பியது.

அன்னப்பூரணியின் தந்தை வல்லிபுரம் மட்டும் அதை ஏற்கவில்லை.

"குழாயில ஊத்துறதுக்கு அவள் என்ன மண்ணெண்ண லாம்பா, மருமகன்? எண்ட புள்ள பசியில கிடக்காள்."

ஒருநாள் உதயரூபன் கடைக்குப் போயிருந்த வேளையில், அவர் சோற்றைப் பிசைந்து மகளின் வாயில் வைத்துவிட்டார். சோறு மூச்சுக்குழலுக்குள் இறங்கியது. நீலம் பாய்ந்த உடலை ஆசுபத்திரி பெரும்பாடுபட்டுத் திருப்பித் தந்தது. இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்றார் ஸாதியா. அன்றிலிருந்து உதயரூபன் கூடத்துக் கதவைக் கிழவருக்குத் திறக்கவில்லை. சாகும்வரை அவர் அக்கதவுக்கு வெளியே, கையில் தட்டும் வாயில் சுருட்டுமாகக் குந்தியிருந்தார்.

நேற்று முன்தினம் அவருடைய எட்டாம் நாள் படையல். அவருக்குப் பிடித்த இறாலும் முருங்கையிலையும், சோறும், தயிரும், சுருட்டும் கூடத்தில் வாழையிலையில் வைக்கப்பட்டன. இறந்தவர் தனித்திருந்து உண்ண வேண்டும் என்பதால், கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் முற்றத்துக்கு வந்து நின்றார்கள். அப்போதுதான் ஒருவருக்கு நினைவு வந்தது.

"பூரணிய உள்ள விட்டுட்டமே?"

"அவ எழும்பிப் போய் கிழவனோட பங்குக்கா நிக்கப்போறா?" என்றாள் மைத்துனி. எல்லோரும் சிரித்தார்கள். உதயரூபனும் சிரித்தான்.

கதவைத் திறந்தபோது அன்னப்பூரணியின் முகம் இலைப் பக்கம் திரும்பியிருந்தது. இலையின் ஓரத்தில் சிறிது சோறு பிசையப்பட்டிருந்தது. பூனையாக இருக்கும் என்றார்கள்.

உதயரூபன் தொலைபேசியை எடுத்தான்.

"மிஸ், இவட வயித்துக்குள்ள இருந்து இறால் கறி வருகுது."

"அது தானா நீந்திப் போச்சா, உதயண்ண? வாயால குடுத்தது ஆரு?"

"ஒருத்தரும் இல்ல, மிஸ். நான் மட்டுந்தான் நிக்கிறன்."

ஸாதியாவின் குரலில் இருந்த சிரிப்பு அடங்கியது. "இருமுறாவா? நீலம் பாயுதா?"

"இன்னும் இல்ல."

"ஒண்டும் ஊத்தாதீங்க. தலைய உசத்துங்க, வாயத் துடைங்க. இன்னொரு கவளம் போனா மூச்சடைச்சிரும். நான் அம்புலன்சுக்குச் சொல்றன். அது வாற வரைக்கும் அவட வாயில இருந்து கண்ண எடுக்காதீங்க."

அவன் தலைமாட்டை உயர்த்தினான். ஈரத் துணியை விரலில் சுற்றி அவளது ஈறுகளைத் துடைத்தான். துணியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னும் சூடு ஆறாத பருக்கை.

எழுந்து போய்க் கூடத்துக் கதவைத் தாழிட்டான். யன்னலையும் அடைத்தான். திரும்பி வந்து கட்டிலருகே அமர்ந்து, மங்கிய வெளிச்சத்தில் அவளது உதடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். மழை இரைந்தது. கூரையில் எங்கோ ஒழுகும் துளி ஒரே தாளத்தில் தரையைத் தட்டியது. அத்தாளத்திற்கு அடியில், முதலில் அவன் நம்ப மறுத்த வேறொரு ஓசையும் இருந்தது. ஈரமான, பொறுமையான ஓசை. தட்டில் சோறு பிசையும் ஓசை.

கதவுக்கு வெளியே அல்ல.

கட்டிலின் மறுபக்கத்தில்.

சுருட்டு வாடை எழுந்தது. ஓசை நின்றது.

தலையணையின் மறு ஓரம் மெல்லப் பள்ளமானது, யாரோ முழங்கையை ஊன்றியதுபோல.

இத்தனை மாதங்களாக அவன் கண்முன் ஒருமுறையும் அசையாத அன்னப்பூரணியின் தலை அப்பக்கம் திரும்பியது. குழந்தையைப் போல வாயைத் திறந்தாள்.

"வேணாம், மாமா! சாகப்போறாள், மாமா!"

உதயரூபன் பாய்ந்து தன் உள்ளங்கையால் அவள் வாயை மூடினான். அழுத்தி மூடினான். கண்களை இறுக்கிக்கொண்டான். தொலைவில் அம்புலன்சின் ஒலி. மிகத் தொலைவில்.

அவன் புறங்கையில் ஏதோ பட்டது. சூடான, எண்ணெய் பிசுபிசுக்கும் சோற்று உருண்டை. அதைப் பிடித்திருந்த விரல்கள் அவசரப்படவில்லை. அவனுடைய சுண்டுவிரலைத் தூக்கின. பிறகு அடுத்த விரலை. பிறகு அடுத்ததை.

அவன் கைக்குக் கீழே, அவளது உதடுகள் இன்னும் அகலமாகத் திறந்தன.