காய்ந்த ரோட்டில் மஞ்சள் விளக்கு

காரைக்காலின் பூவம் எல்லைக்கு வடக்கே, தமிழ்நாட்டு மண்ணில், கோவிந்தராசு செத்துக் கிடந்தான்.

பக்கத்தில் நசுங்கிய சைக்கிள். சுற்றிலும் மத்தி மீன்கள். அவன் விற்கக் கொண்டுபோனவை. காக்கைகள் மீனையும் விடவில்லை... அவனையும் விடவில்லை!

தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் மாணிக்கவேல் மூக்கைப் பொத்தினார்.

"ராத்திரி இந்தப் பக்கம் வந்தது செல்லையன் ஓட்டின லாரிதான் சார்" என்றார் ஏட்டு. "லாக்கப்ல வச்சிருக்கோம். சத்தியமா நான் இல்லன்னு அழுவுறான்."

"சாட்சி?"

"யாருமில்ல. சாயங்காலம் கோர்ட்ல நிறுத்தணும்."

அவன் நிரபராதியாக இருந்தால்? லாரியின் முதலாளியைக் காரைக்காலில் போய் விசாரிக்க வேண்டும். ஜீப்போ ஸ்டார்ட் ஆகவில்லை.

அப்போது பளபளவென்று ஒரு வெளிநாட்டுக் கார் வந்து நின்றது.

"ஏறுங்க சார்! நான் பிலோமின்ராஜ். பாரீஸ்லேர்ந்து லீவுல வந்திருக்கேன். காரைக்கால்தானே? நானே விட்டுடுறேன்."

உள்ளே சென்ட் நெடி. பிணவாடையே தேவலை!

எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கார் விக்கியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு!

"என்னய்யா, துரை வண்டிக்கு இருமலா?"

"ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் சார்! சேத்துல ஒரு சக்கரம் மட்டும் வேகமாச் சுத்தினா, வழுக்குதுன்னு கம்ப்யூட்டரே இன்ஜினை அடக்கிடும். உங்க ஜீப்புல இதெல்லாம் ஏது!"

"ரோடு அப்பளமா காஞ்சு கெடக்கே?"

"அதான் தெரியல. நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

மறுபடி விக்கல். மறுபடி மஞ்சள்.

"நிறுத்துங்க."

மாணிக்கவேல் இறங்கிக் காரைச் சுற்றி வந்தார். பின்பக்க இடது டயர் மட்டும் சின்னது. உள்ளூர்ச் சரக்கு! பெரிய சக்கரங்களோடு ஓட, சின்னது கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். அதைத்தான் வழுக்கல் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பதறுகிறது.

"இது எப்ப மாட்டினது?"

"ஸ்டெப்னி சார்... ராத்திரி பஞ்சர்..."

"கழட்டின டயர்?"

"தூ... தூக்கிப் போட்டுட்டேன்."

"பாரீஸ் டயரையா? பாரீஸ் சோப்பு டப்பாவையே ஷோகேஸ்ல வைக்கிற ஆளுங்கய்யா நீங்க! டிக்கியத் தெற!"

திறந்ததும்... ஈக்கள்!

டயரின் பள்ளங்களில் மத்திச் செதில். காய்ந்த ரத்தம். பக்கவாட்டில் குத்தி நின்றது, ஒடிந்த சைக்கிள் கம்பி!

பிலோமின்ராஜின் முகம் வெளுத்தது.

"பூவத்துக்குள்ளதான் சார் இடிச்சேன். வேற ஸ்டேட் கேஸாயிடட்டும்னு அவனையும் சைக்கிளையும் மீனையும் எல்லைக்கு அந்தாண்ட இழுத்துப் போட்டேன்."

"அப்ப உயிர் இருந்துச்சா?"

"தண்ணி கேட்டான்... சட்டையில ரத்தம் பட்டுடும்னு காலப் புடிச்சு இழுத்தேன்."

மாணிக்கவேல் காறித் துப்பினார்.

பிலோமின்ராஜ் திடீரென்று நிமிர்ந்தான். சிரித்தான்!

"ஆனா சார்... பொணம் உங்க பக்கம். நான் நிக்கிறது காரைக்கால். எல்லை தாண்டிட்டா அந்தப் பக்கத்துப் போலீஸ் தொட முடியாது. எங்க அப்பா சொல்லியிருக்காரு!"

"சரியாத்தான் சொல்லியிருக்காரு... பிரெஞ்சுக்காரன் காரைக்கால்ல இருந்தப்ப! அவன் மூட்டை கட்டி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சுய்யா. இப்ப ரெண்டு பக்கமும் ஒரே சட்டம். கைய நீட்டு!"

விலங்கு பூட்டிக்கொண்டது. இனி செல்லையன் தன் வீட்டுக்குப் போகலாம்.

"சார்... என் காரு?"

"அது உத்தமன்யா! ராத்திரிலேர்ந்து உன்மேல புகார் குடுத்துக்கிட்டே இருக்கு. அப்ரூவரா சேத்துக்கிறேன்!"