ஐந்தாவது மனத்தட்டு

கோதைநாயகியின் தட்டைச் செருகியதும் நாச்சிமுத்துவின் குடும்பம் மொத்தமாக அணைந்துபோனது. அப்பா, அம்மா, அண்ணன் குப்புராசு, நாச்சிமுத்து என்று வரிசையாக எரிந்துகொண்டிருந்த நான்கு பச்சை விளக்குகளும் ஒருசேரக் கண்ணை மூடின. பெட்டிக்குள் விசிறி ஒருமுறை முனகிவிட்டு நின்றது.

“சொன்னனா இல்லியா?” என்றார் நாச்சிமுத்து. பெட்டி அணைந்ததில் அவருக்கு வருத்தமே இல்லை. தான் சொன்னது பலித்துவிட்டால், பற்றி எரிவது சொந்த வீடாக இருந்தாலும் குளிர்காய்கிற மனிதர் அவர்.

“பொழுதோட நான் பதில் சொல்லோணுமுங்க” என்றாள் அவர் மனைவி கோதை. “என்ன கோளாறுன்னு பாத்துப்போட்டுச் சொல்லுங்க.”

கோவையில் இப்போது குடும்பப்பெட்டி இல்லாத வீடு கிடையாது. ஒருவருடைய நினைவையும் நினைப்பையும் உள்ளங்கை அகலத் தட்டில் படியெடுக்கலாம் என்றானதும், சனங்கள் முதல் காரியமாக வீட்டுச் சண்டைகளைத்தான் அதனிடம் ஒப்படைத்தார்கள். செத்தவர், இருப்பவர், வெளியூரில் இருப்பவர் எல்லோருடைய மனத்தட்டையும் ஒரே கணினியில் செருகிவிட்டால், அவை தங்களுக்குள் பேசி, கத்தி, கடைசியில் ஒரு தீர்மானத்தைச் சொல்லும். வீட்டிலுள்ளவர்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கல்யாணத்திலிருந்து கதவுக்கு அடிக்கிற வர்ணம் வரை எல்லாம் பெட்டியின் பொறுப்பு. வேலை கொடுப்பவர்களும் பெட்டியின் சம்மதத்தைக் கேட்க ஆரம்பித்தார்கள். ஆளை எடுத்த மறுவாரம் மாமனார் குடும்பம் அலுவலக வாசலில் வந்து நின்று ஒப்பாரி வைப்பது அத்தோடு ஒழிந்தது.

கோதைக்குத் தூத்துக்குடியில் கடலடி ஆய்வுக்கூடத்தில் வேலை வந்திருந்தது. இரண்டு வருஷம் கடலுக்குள்ளேயே இருந்து, செத்துக்கொண்டிருக்கும் பவளப்பாறைகளை மறுபடி வளர்க்க வேண்டும். உப்புநீர் வேதியியலில் அவளுக்கு நல்ல பேர். ஐம்பத்து மூன்று வயதில் இனி இப்படி ஒன்று வராது. குடும்பத் தீர்மானத்தை இன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

தீர்மானம் சொல்ல வேண்டிய பெட்டியில் அவள் தட்டு மட்டும் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் பெட்டியைக் கட்டியபோது, “உன்றதை அப்புறம் சேத்துக்கலாம்” என்றார் நாச்சிமுத்து. அந்த ‘அப்புறம்’ வரவேயில்லை. போன வாரம் அவளே போய்த் தன் தட்டைப் படியெடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கடையில் செய்துவைத்த பெட்டியை வாங்குகிறவர்களை நாச்சிமுத்து மனிதர்களாகவே மதிப்பதில்லை. அவருடையது பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் சுற்றிய வம்சம். எதிர்வீட்டுக்காரர் கடைப்பெட்டி வாங்கி வந்த அன்று, “அப்படியே ஆராச்சும் மென்னு குடுத்தா முழுங்கிக்குவாங்களாட்ட இருக்குது” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். தன் பெட்டியைத் தாய்ப்பலகையிலிருந்து திருகாணி வரை தானே பொறுக்கிச் சேர்த்தார். அதன் மின்னூட்டி, அதாவது வீட்டு மின்சாரத்தை வாங்கித் தட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டப்பா, உக்கடத்துப் பழைய சாமான் கடையில் கிடைத்தது. அதன் தெம்புக்கு எட்டுத் தட்டுகள் தாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஐந்தாவதிலேயே படுத்துவிட்டது. கணக்கு தப்பாது, ஏனென்றால் போட்டவர் நாச்சிமுத்து. ஆகவே தப்பு ஐந்தாவதில்தான் என்று முடிவுகட்டினார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

இருந்தாலும் சோதித்தார். கோதையின் தட்டுக்குப் போகும் வயரைப் பிடுங்கி வேறு முனையில் மாட்டினார். பெட்டி அணைந்தது. ஒரே வயரிலிருந்து இரண்டு தட்டுக்குப் பிரியும் கிளையைக் கழற்றிவிட்டுத் தனி வயர் கொடுத்தார். அப்போதும் அணைந்தது. தட்டுகள் சுழலத் தொடங்கும் அந்த நொடியில்தான் மின்சாரத்தை அதிகம் இழுக்கும் என்பதால், ஒன்று எழுந்து நிலைத்த பிறகே அடுத்ததை எழுப்பும்படி மாற்றினார். அப்பா எழுந்தார். அம்மா, குப்புராசு, நாச்சிமுத்து, கடைசியாகக் கோதை. ஐந்து விளக்குகளும் எரிந்தன.

பெட்டியிலிருந்து அவளுடைய குரல், “எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த வேலையப் பத்தி நான் என்ன நெனைக்கறேன்னா...” என்று ஆரம்பித்தது. அவ்வளவுதான். விசிறி ஊளையிட்டது. ஐந்தும் அணைந்தன.

நாச்சிமுத்து தொடையில் தட்டிச் சிரித்தார். “நீ வாயைத் தொறந்தாலே ஊட்டுல கரண்டு போயிருது, பாத்தியா? இத்தன மின்சாரம் தின்னு என்னத்தப் பேசப் போற?”

கோதை முப்பது வருஷமாக விழுங்கிய கோபம் இன்று வெளியே வரப் பார்த்தது. ஆனால் அவள் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவள். “கோளாறு தெரியலீன்னா ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாருன்னு நீங்கதானுங்க ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க. கழட்டுங்க” என்றாள்.

முதலில் அம்மாவைக் கழற்றினார். பெட்டி எழுந்தது, கோதை பேசத் தொடங்கியதும் அணைந்தது. அடுத்துக் குப்புராசு. “இவன் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்” என்று சொல்லியே பிடுங்கினார். அணைந்தது. அப்பாவின் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கழற்றினார். அதற்கும் அணைந்தது. இப்போது பெட்டியில் புருஷனும் பெண்டாட்டியும்தான் மிச்சம். எட்டுப் பேரைத் தாங்க வேண்டிய மின்னூட்டி இரண்டு பேரைத் தாங்க மாட்டேன் என்றது.

“அப்படீன்னா தப்பு இந்த ரெண்டுல ஒண்ணுலதானுங்க.”

“அதத்தான நானும் சொல்றேன். உன்றதுலதான்.”

“உங்களதக் கழட்டுங்க.”

“என்ற தட்டக் கழட்டினாப் பெட்டியே எந்திரிக்காது.”

“எப்பவாச்சும் கழட்டிப் பாத்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. ஒன்பது வருஷத்தில் எத்தனையோ கோளாறு வந்தது. ஒவ்வொரு முறையும் மற்ற மூன்றையும் மாற்றி மாற்றிக் கழற்றியிருக்கிறார். தன் தட்டில் கை வைக்கத் தோன்றியதே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குத் தனக்கு முதுகு இருப்பதே தெரியாது.

கோதை அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவருடைய தட்டை உருவி மேசைமேல் வைத்தாள். மற்ற நான்கையும் செருகி, மின்னூட்டியின் வயரில் அவருடைய மின்னளவியையே கவ்வ வைத்து, பொத்தானை அழுத்தினாள்.

பெட்டி எழுந்தது. விசிறி சுழல வேண்டிய தேவையே வரவில்லை. மின்னளவி காட்டியது ஒரு குண்டுபல்புக்கு ஆகும் மின்சாரம்.

“கோதை, நீ சொல்லு கண்ணு” என்றது அம்மாவின் குரல்.

நாச்சிமுத்து திடுக்கிட்டார். இந்தப் பெட்டியில் அம்மா இத்தனை நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. அம்மாவும் சரி, அப்பாவும் சரி, அண்ணனும் சரி, ஒன்பது வருஷமாக ‘ஆமா’ என்ற ஒரே சொல்லோடு நின்றார்கள். தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாக வந்தன. அதைத் தன் புத்திசாலித்தனத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார். மூன்று தட்டுகளுக்கும் மிஞ்சிய மின்சாரம் ‘ஆமா’ சொல்லத்தான் போதுமானதாக இருந்திருக்கிறது.

“என்னைக் கேக்காம எப்படிக் கூட்டம் நடத்தலாம்?” என்று கத்தினார். பெட்டி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. குப்புராசு கடலைப் பற்றி ஏதோ கேட்டார், கோதையின் தட்டு பதில் சொன்னது, அப்பா சிரித்தார்.

தீர்மானம் வந்தது: கோதை போகலாம். கோதை அதை உடனே தூத்துக்குடிக்கு அனுப்பினாள். பிறகுதான் நான்கு தட்டுகளையும் எடுத்துவிட்டு அவருடைய தட்டை மட்டும் செருகினாள். மின்னளவி மளமளவென்று ஏறி, மின்னூட்டியின் எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே போய் நின்றது.

“ஆருமே இல்லாத பெட்டியில இது என்னுங்க பண்ணுது?”

தட்டுக்குள் நடப்பதைத் திரையில் காட்டும் வசதியை நாச்சிமுத்துவே எழுதி வைத்திருந்தார், மற்றவர்களை வேவு பார்க்க. கோதை அதைத் திறந்தாள். கேட்பதற்கு ஒரு வரி, யோசிப்பதற்கு ஒரு வரி. கேட்கும் வரி பூஜ்யம். இன்றைக்கு மட்டுமல்ல, பெட்டி கட்டிய நாளிலிருந்தே பூஜ்யம். யோசிக்கும் வரியில் கூட்டம் தாங்கவில்லை. அந்தத் தட்டு தனக்குள்ளேயே ஒரு மக்கு அப்பாவையும், ஒரு அழுமூஞ்சி அம்மாவையும், ஒரு அசட்டு அண்ணனையும் செய்து வைத்து, அவர்கள் என்ன உளறுவார்கள் என்று தானே எழுதி, அதற்குச் சூடான பதிலும் தானே சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க ஆகும் மின்சாரம் சொற்பம். அடுத்தவரை முட்டாளாக உருவாக்கி ஜெயிப்பதற்குத்தான் ஊர்ப்பட்ட செலவு.

இன்று மதியம் அதற்குக் கூடுதல் வேலை வந்திருக்கிறது. கோதை வாயைத் திறந்ததும் அது அவசர அவசரமாக ஒரு கோதையைச் செய்யத் தொடங்கியிருக்கிறது. முப்பது வருஷச் சரக்கு, மின்னூட்டி தாங்கவில்லை. பாதியில் நின்ற அந்தக் கோதை திரையில் இன்னும் இருந்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க பாத்து...” என்பதோடு முடிந்திருந்தது.

கோதை அதை இரண்டு தடவை படித்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், சிரிப்புத்தான் வந்தது.

“மின்னளவி பழுது” என்றார் நாச்சிமுத்து.

அவள் கடலுக்குப் போன பிறகு அவர் தன் தட்டுக்கென்று தனிப்பெட்டி கட்டினார். குடும்பப்பெட்டியைத் திருப்பூரிலிருந்த அண்ணன் குப்புராசு வந்து எடுத்துப் போய்விட்டார். போகட்டும், உருப்படாதவர்கள். புதுப்பெட்டிக்கு ஒரு பட்டறையையே ஓட்டக்கூடிய மின்னூட்டி. தெருவிலேயே பெரியது. அணையவே அணையாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஏகமனதான தீர்மானங்கள் வந்துகொண்டிருந்தன.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். கஞ்சி வைக்க ஆளில்லை. கோதையை ஒருமுறை கூப்பிட்டுப் பேசினால் என்ன என்று தோன்றியது. மன்னிப்பெல்லாம் இல்லை, சும்மா, கடல் எப்படி இருக்கிறது என்று. ஆனால் பெட்டியின் தீர்மானம் இல்லாமல் அவர் எதையும் செய்வதில்லை. போர்வையோடு போய் அதன் முன்னால் உட்கார்ந்தார்.

“ஏனுங்க” என்று தன்னையே மரியாதையாக அழைத்தார். “நான் என்ன நெனைக்கறேன்னா...”

விசிறி ஊளையிட்டது. மின்னளவி மளமளவென்று ஏறியது. அவர் திரையைப் பார்த்தார். கேட்கும் வரி பூஜ்யத்திலேயே நின்றது. யோசிக்கும் வரியில் ஒரு புதிய நாச்சிமுத்து உருவாகிக்கொண்டிருந்தார், வாய் குழறிய, மூக்கு ஒழுகிய, ஒண்ணும் தெரியாத நாச்சிமுத்து.

“நீ என்ன சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியும்” என்றது பெட்டி, அவருடைய குரலிலேயே. “உனக்கெல்லாம் எதுக்கு இத்தன மின்சாரம்? போய்ப் படு.”