உடன் வந்தவர்

காலையில் பால் பாக்கெட்டை எடுத்ததும், இன்றைய சேவை நிறைவாக இருந்ததா என்று பால் பெட்டி கேட்டது. ஷைனி திரும்பிக்கூடப் பார்க்காமல் பத்துக்குப் பத்து என்று அழுத்தினாள். பிறகு லிஃப்டுக்கு ஒரு பத்து, பேருந்துக்கு ஒரு பத்து, மருந்துக்கடைக்கு ஒரு பத்து. நிறைவுப் படிவத்தை முடிக்காவிட்டால் அடுத்த கதவு திறக்காது என்று சட்டம் வந்து இருபது வருடம் ஆகிறது. பத்துக்குக் குறைத்துப் போட்டுத் தொலைத்தால் ஏன், எதனால், யாரால் என்று கேள்விமேல் கேள்வி கிளம்பும். அதனால் ஊரே எல்லாவற்றுக்கும் பத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து வாயாரத் திட்டிக்கொண்டிருந்தது.

அவளால் முடிக்க முடியாமல் கிடந்தது ஒரே ஒரு படிவம். அதுவும் அவளுடையது இல்லை. இறந்துபோன அவள் கணவர் ரெஜினுடையது.

கல்யாணமாகி நாற்பது வருடம் நிறைந்ததற்காக இருவரும் மலைமேல் நீலமேடு ரிசார்ட்டில் மூன்று நாள் தங்கினார்கள். வீடு திரும்பிய மறுநாள் ரெஜின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாகர்கோவிலில், நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பக்கத்து இடம் ஷைனிக்கு. தம்பதிகளுக்கான அந்த ‘இணையிடம்’ கிடைக்க இருவரும் பதினோரு வருடம் காத்திருந்தார்கள். ஆனால் இறந்தவர் பெயரில் எந்தப் படிவமும் முடியாமல் இருக்கக் கூடாது. முப்பது நாளுக்குள் முடிக்காவிட்டால் பக்கத்து இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். இன்று இருபத்தொன்பதாவது நாள்.

ரிசார்ட்காரர்கள் விட்டபாடில்லை. ‘அன்புள்ள ரெஜின், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அடக்கம் நடந்த அன்றும் வந்தது. ஆள் இறந்துவிட்டார் என்று எழுதினால், ‘தங்கள் பதிலுக்கு நன்றி, ஏழாவது கேள்வி நிலுவையில் உள்ளது’ என்று திரும்பி வரும். எட்டு முறை எழுதி ஷைனிக்கு வெறுத்துப்போயிற்று.

ஒன்பதாவது முறை திரையில் ஒரு மனித முகம் வந்தது. நிஷாந்தி, ரிசார்ட்டின் படிவப் பிரிவில் வேலை பார்க்கும் சின்னப் பெண். ரெஜின் அங்கிருந்தபோதே எல்லாவற்றுக்கும் பத்துப் போட்டுவிட்டார் என்று சொன்னாள். ஏழாவது கேள்வி, இரண்டாம் நாள் மாலை ஏரிக்கரையில் கழித்த நேரம் பற்றியது. அதற்கும் பத்துதான். ஆனால் அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த, மனநிறைவை அளக்கும் உணர்வளவி அந்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டுதான் காட்டியிருந்தது. கை போட்டதும் உடம்பு சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால், குறைக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும்.

ஷைனிக்கு அந்த மாலை நன்றாக நினைவிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அவள்தான் ஓயாமல் பேசினாள். அவர் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றி வேர்த்திருந்தது, இந்தக் குளிரிலும் வேர்வையா என்று அவள் கேலிகூடச் செய்தாள்.

“மக்களே, அவருக்கு அப்பவே நெஞ்சுவலி இருந்திருக்கு,” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். “சொன்னா நான் பயந்துருவேன்னு சிரிச்சிட்டே இருந்திருக்காரு. பத்துப் போட்டதும் எனக்காகத்தான். அத எழுது.”

அதை எழுத இடமில்லை. நோய், ரிசார்ட் தரும் சேவை இல்லையாம். உணவு, அறை, பணியாளர், உடன் வந்தவர் என்று நான்கு கட்டங்கள்தான் இருந்தன. சரி, உணவு என்றே போட்டுத் தொலை என்றாள் ஷைனி. நிஷாந்தி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“சாப்பாடுன்னு போட்டா சமைச்சவங்க வேலை போயிரும்மா. அறைன்னாலும் அங்க கூட்டிப் பெருக்குனவங்களத்தான் தூக்குவாங்க.”

பல் சரியில்லாத ரெஜினுக்கென்று ஆப்பத்தை மெத்தென்று சுட்டுக் கொடுத்த ரிசார்ட் சமையல்கார டெல்பினின் முகம் ஷைனிக்கு நினைவு வந்தது. அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? கடைசிக் கட்டத்தால் யார் வேலையாவது போகுமா என்று கேட்டாள். போகாது, அதில் வருவது உங்கள் பெயர்தான் என்றாள் நிஷாந்தி.

ஷைனி மேற்கொண்டு யோசிக்கவில்லை. வேர்வையைப் பார்த்தும் கேலி செய்தவள் அவள்தானே. ஒரு குறை தன் பேரில் ஏறுவதில் அநியாயம் ஒன்றுமில்லை என்றே பட்டது. கட்டத்தைத் தொட்டாள். படிவம் முடிந்தது. அன்று மதியம், பல நாளுக்குப் பிறகு, படுத்ததும் தூங்கிப்போனாள்.

மாலையில் ரெஜினின் கைபேசிக்கு, கல்லறை இடங்களை ஒதுக்கும் நகரப் பதிவகத்திலிருந்து செய்தி வந்தது.

‘அன்புள்ள ரெஜின், உடன் வந்தவர் மீதான தங்கள் புகார் ஏற்கப்பட்டது. தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். இனி எந்த இடத்திலும் ஷைனிக்குத் தங்கள் அருகில் இடம் ஒதுக்கப்படாது. இணையிடப் பதிவு ரத்து செய்யப்பட்டது.’

ஷைனி பதிவகத்தைக் கூப்பிட்டாள். புகார் அவர் கொடுத்ததல்ல, தானே போட்டது என்று அழுதாள். மறுமுனையில் இருந்த ஆள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். புகார் கொடுத்தவரே வந்து இல்லையென்று சொன்னால் அந்த நிமிடமே பழையபடி மாற்றிவிடலாம் என்றார்.

“நாப்பது வருசத்துல அவரு என்னப் பத்தி ஒரு குறை சொன்னதில்ல,” என்றாள் ஷைனி. “ஒரு நாள்கூட.”

அதை எந்தக் கட்டத்தில் பதிவது என்று அந்த ஆள் கேட்டார்.