காம்பு அறுத்த டுரியான்

கைப்பேசி அலறியது!

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பினாங்கு, ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பதினோராவது மாடி. சோற்றுக் கையை அவசரமாகக் கழுவிவிட்டுக் காமினி எடுத்தாள்.

"ஹலோ?"

மூச்சுச் சத்தம் மட்டும்...

"ஹலோ! யாரு?"

"காம்ப அறுத்தத..." தொண்டை கிழிந்த கிழட்டுக் குரல். "உனக்கு யாரு சொன்னா?"

அவ்வளவுதான். தொடர்பு அறுந்தது. திரையில் எண்ணும் இல்லை.

காமினி கைப்பேசியைச் சட்டென்று மேசையில் போட்டாள்.

ஏன் என்று கேட்கிறீர்களா, கண்ணுகளா? சொல்கிறேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஆறு நாள் பிறை நகரத் தொழிற்சாலையில் மேற்பார்வை. ஞாயிறு மட்டும் பேய்! 'நடுக்கம்' என்ற முகநூல் குழுவில் திகில் கதை எழுதுகிறாள் காமினி. முதல் கதையைப் படித்தவர்கள் இருபது பேர். இரண்டாவதற்கு நூறு. மூன்றாவது கதை 'ஆறாவது மரம்' வெளியான இரண்டே நாளில் நானூறு பேர் கருத்து எழுதிவிட்டார்கள்!

தோட்டத்தில் தலை பிளந்து செத்த ஒரு கிழவர். கையில் ரத்தம் சொட்டும் டுரியான், தேங்காய் கனத்தில் முள் முளைத்த பழம். அதன் காம்பு அரிவாளால் அறுபட்டிருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறார்...

"அக்கா, பாத்ரூம் போகணும்னா அம்மாவத் துணைக்குக் கூப்பிடுறேன்!" என்று எழுதியிருந்தான் கிஷன்.

"ஐஸ்பெட்டில இருந்த டுரியானப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன் லா. அவங்க வீட்டக் கிழவர் தட்டட்டும்!" இது வடிவம்மாள்.

ராமசாமிதான் மானத்தை வாங்கினார்.

"பேயெல்லாம் சரி தங்கச்சி. ஆனா பினாங்குல எவன் டுரியான காம்ப அறுத்து இறக்குறான்? பழுத்துத் தானா விழுற வரைக்கும் காத்திருக்கணும் லா! அறுத்து இறக்குறது தாய்லாந்துல. இது அங்கேருந்து வந்த பேயா?"

அதற்குக் கீழே முந்நூறு சிரிப்பு முகங்கள்! அறுபது பேர் வரிசையாகப் பாடம் எடுத்திருந்தார்கள். காமினிக்கு முகம் சுருங்கிப் போயிருந்தது.

ஆனால் இந்தக் குரல் சிரிக்கவில்லையே...

உடனே மயூரனை அழைத்தாள். குழுவை நடத்துபவன். பாலிக் புலாவில் டுரியான் தோட்டம். அவளுடைய முதல் வாசகன். ஒரு கால்புள்ளி விடுபட்டால்கூடச் சும்மா விடமாட்டான்.

"மயூரன் அண்ணே... உங்க பெரியப்பா போன் பண்ணாரு!"

"விளையாடாத. அவரு செத்து ஒரு வருஷம் ஆவுது."

"அதான் அண்ணே பயமா இருக்கு! அவரு சாவத்தான கதையாக்குனேன்? தலையில டுரியான் விழுந்து செத்தாருன்னு நீங்கதான சொன்னீங்க? எழுது எழுதுன்னதும் நீங்கதான?"

மயூரன் குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் காம்பு வரிய எடுத்துடு, தங்கச்சி. செத்தவரு மனசு நோகும்."

"எடுத்தா போன் வராதா?"

"மொதல்ல எடு லா!"

காமினி எடுக்கவில்லை. நாலு பேர் சிரித்ததற்காக அழித்துவிட்டாள் என்ற பேர் வேண்டாமே!

திங்கள்... மூச்சு.

செவ்வாய்... "யாரு சொன்னா?"

புதன்கிழமை காலை ஆறரை. வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தாள்.

"அம்மா...!"

வாசலில், அவள் செருப்புகளுக்கு நடுவே...

ஒரு டுரியான்!

காம்பு அரிவாளால் அறுக்கப்பட்டிருந்தது.

*

இன்ஸ்பெக்டர் லோகேஸ்வரன் குனிந்து பழத்தைப் பார்த்தார். ஐம்பது வயது. கொஞ்சம் தொப்பை.

"நானும் உங்க கதைய படிச்சேம்மா. என் வீட்டுக்காரி மூணு நாளா வெளக்க அணைக்க விடல. காம்பு விஷயத்துல நானும் சிரிப்பு முகம் போட்டேன். மன்னிச்சிருங்க."

"இப்ப சிரிங்க பார்ப்போம், சார்!"

அவர் சிரிக்கவில்லை. பழத்தைத் திருப்பினார்.

"தானா விழுந்ததுன்னா காம்போட நுனி மழுங்கி இருக்கும். இது சீவுன மாதிரி தட்டையா இருக்கு. இந்தப் பழம் எந்த பசார்லயும் கெடைக்காது. அறுக்கணும்னா சொந்தமா மரம் வேணும். சொந்த மரத்துக்காரன் எவனும் பழுக்காத பழத்துல கைய வைக்க மாட்டான்."

காமினி சட்டென்று கைப்பேசியை எடுத்தாள். நானூறு கருத்துகளையும் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். மறுபடி மேலே வந்தாள். முகம் வெளுத்தது.

"சார்... இதுல தெரிஞ்சவங்க எல்லாரும் என்னைத் திருத்தியிருக்காங்க. கால்புள்ளிக்கே சண்டை போடுற ஒருத்தர் மட்டும் இதத் திருத்தல. அவரு வீடே டுரியான் தோட்டம்!"

"யாரது?"

"இந்த வரிய எடுக்கச் சொன்னாரு, சார். தப்புன்னு மட்டும் சொல்லவே இல்ல..."

மயூரனின் பெயரைச் சொல்லிவிட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணே, அண்ணே என்று இரண்டு வருடம் கூப்பிட்ட வாய் அல்லவா!

*

மாலை ஐந்து மணி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. பதினோரு மாடி ஏறி மூச்சிரைக்க வந்தான் மயூரன். கண்கள் குழி விழுந்திருந்தன. கதவை அவனே சாத்தினான்.

"யாரோ பார்த்ததா போன்ல சொன்னியே? யாரு?"

"உக்காருங்க அண்ணே. டீ..."

"டீ கிடக்கட்டும்! யாரு பார்த்தா?"

"காம்ப அறுத்தத... நேர்ல பார்த்தாங்களாம்."

"பொய்!" மேசை அதிர்ந்தது. "அன்னிக்குத் தோட்டத்துல யாருமே இல்ல! அவரும் நானும்தான்! அறுத்தது தெரியக்கூடாதுன்னு அந்தக் காம்ப நானே அடுப்புல போட்டு எரிச்சேன்!"

சொன்ன பிறகும் அவனுக்கு உறைக்கவில்லை. பாவம், ஒரு வருடமாகத் தொண்டையில் அடைத்திருந்தது. ஒருமுறை திறந்ததும் நிற்கவில்லை.

"இருபது வருஷம் அந்த மரங்கள நான் பார்த்துக்கிட்டேன் காமினி! தோட்டத்தக் கோயிலுக்கு எழுதி வைக்கப் போறேன்னாரு. ஒரு பழம்கூட விழல அன்னிக்கு... ஏறி அறுத்தேன். நீளக் காம்போட. பிடிச்சு ஓங்குறதுக்கு..."

காமினி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எல்லாரும் நம்புனாங்க. நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன், பழம் விழுந்துதான் செத்தாருன்னு. அப்புறம் உன் கதை! காம்பு வரைக்கும் எழுதியிருக்க! யாரு சொன்னான்னு தெரியத்தான் அவரு குரல்ல போன் பண்ணேன், பழத்தையும் வாசல்ல வெச்சேன். அன்னிலேருந்து கதவத் தட்டுறாரு. பகல்லயும் தட்டுறாரு. மத்தவங்க படிச்சிட்டுப் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டாங்க. நான் போர்வைக்குள்ள போனா அவரு அங்க படுத்திருக்காரு!"

"அண்ணே..."

"பேரச் சொல்லு!"

அவன் விரல்கள் அவள் கழுத்தைத் தொட்ட அதே நொடி...

"போதும்!"

சமையலறைத் திரை விலகியது. லோகேஸ்வரன்! பின்னால் இரண்டு காவலர்கள்.

மயூரன் திமிறவில்லை. கையை நீட்டியபோது அவன் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தால், நீங்கள்கூடக் கொஞ்சம் இரக்கப்பட்டிருப்பீர்கள். விலங்கு விழுந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு தங்கச்சி. பார்த்தது யாரு?"

காமினி கழுத்தைத் தடவிக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது.

"யாருமே பார்க்கல அண்ணே. நான் பிறையில பொறந்தவ. டுரியானப் பசார்ல கட்டித் தொங்கவிட்டிருக்குறதத்தான் பார்த்திருக்கேன். பப்பாளி மாதிரி அதையும் அறுத்துத்தான் இறக்குவாங்கன்னு நெனச்சு எழுதிட்டேன்."

"அப்போ..." மயூரன் அவளை நோக்கி ஓர் அடி வைத்தான். "அது வெறும் தப்பா?"

லோகேஸ்வரன் அவன் முதுகில் மெல்லத் தட்டி, படிக்கட்டுப் பக்கம் திருப்பினார்.

"எங்க நானூறு பேருக்கும் அது தப்புதான் தம்பி. ஒருத்தனுக்கு மட்டும்தான் அது சரியாப் பட்டுச்சு!"